சொட்டுச் சொட்டாக ஏன்?

மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்க நீங்கள் போயிருப்பீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி நிற்கிறது. அதில் தலைகீழாக ஒரு புட்டி தொங்குகிறது. அதிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய் நோயாளியின் கையில் போய் முடிகிறது. இடையில் உள்ள சிறிய அறைக்குள் சொட்டு, சொட்டு, சொட்டு என்று மருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. ‘சலைன் ஏற்றுகிறார்கள்’, ‘குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

புட்டி நிறைய மருந்து இருக்கிறது. நோயாளிக்கு அது தேவையாகவும் இருக்கிறது. பிறகு ஏன் கடகடவென்று ஏற்றி முடிக்காமல் மணிக்கணக்கில் சொட்டவிடுகிறார்கள்? இதற்கு விடை மருத்துவ நூல்களில் மட்டும் இல்லை. உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை இங்கே பார்ப்போம்.

ஒரு மாலை நேரத்தில்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், என் பெரியம்மாவுக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் எங்கள் திருவாமாத்தூரைச் சேர்ந்த ஒரு பாட்டி. வயிற்றுப்போக்கால் துவண்டு போயிருந்தார். அவருக்குத் துணையாக ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன் இருந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. பையன் புட்டியைப் பார்ப்பதும் சன்னல் வழியாகச் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தான். சற்று நேரத்தில் எழுந்தான். குழாயில் இருந்த சிறு சக்கரத்தை விரலால் மேலே தள்ளினான். சொட்டிக்கொண்டிருந்த மருந்து ஒரே தாரையாக ஓடத் தொடங்கியது.

நல்ல வேளையாக நர்ஸ் அந்தப் பக்கம் வந்தார். ஒரே எட்டில் வந்து சக்கரத்தை மூடினார்.

“யாருப்பா இதத் தொட்டது?”

“நான்தான் சிஸ்டர். சீக்கிரம் முடிஞ்சிட்டா, கடைசி பஸ்ஸப் புடிச்சி ஊருக்குப் போயி அம்மாவ அனுப்பலாம்னு...”

“இது வயலுக்குப் பாய்ச்சுற தண்ணி இல்ல தம்பி. உள்ள பொட்டாசியம் போட்டிருக்கு. உங்க ஆயாவுக்கு இது ஆறு மணி நேரம் போகணும். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?”

பாட்டியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். டாக்டருக்கும் சொல்லி அனுப்பினார். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டுகளை எண்ணிச் சக்கரத்தைச் சரிசெய்தார். பையன் முகம் வெளிறி நின்றான். அவன் செய்தது குறும்பு அல்ல, அறியாமை. பெரியவர்கள் பலரும் இதே தவறைச் செய்கிறார்கள். அந்தப் பையனுக்கு அன்றிரவு நான் சொன்னவற்றைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

காவலில்லாத வாசல்

வாய் வழியாக நாம் எதைச் சாப்பிட்டாலும், அது நேராக இரத்தத்தில் கலந்துவிடுவதில்லை. ஒவ்வாததை வயிறு வாந்தியாக வெளியே தள்ளும். வயிற்றிலுள்ள அமிலம் பல கிருமிகளைக் கொல்லும். குடல் சிறிது சிறிதாக உறிஞ்சும். உறிஞ்சிய பொருள்களில் பெரும்பாலானவை முதலில் கல்லீரலுக்குச் சென்ற பிறகே மற்ற உறுப்புகளுக்குப் போகும். இப்படி வாய் என்னும் வாசலில் பல காவலர்கள் இருக்கிறார்கள்.

சிரை அப்படிப்பட்டதல்ல. கைச் சிரையில் விட்ட மருந்து அரை நிமிடத்துக்குள் இதயத்தை எட்டிவிடும். தவறு நேர்ந்தால் வாந்தி எடுத்து வெளியேற்ற முடியாது. காவலில்லாத வாசல் அது. ஆகவே அந்த வாசலில் மனிதர்கள்தாம் காவல் நிற்க வேண்டும். எவ்வளவு வேகத்தில் போகிறது, என்ன கலந்திருக்கிறது, தூய்மையாக இருக்கிறதா என்ற மூன்றையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

புட்டி ஏன் உயரத்தில் தொங்குகிறது?

சிரைக்குள் இரத்தத்துக்கு ஓர் அழுத்தம் உண்டு. படுத்திருப்பவரின் கைச் சிரையில் அது சுமார் 10 மி.மீ. பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தி உடையது. எனவே 10 மி.மீ. பாதரசம் என்பது 136 மி.மீ. நீருக்குச் சமம், அதாவது ஏறத்தாழ 14 செ.மீ. உப்புக் கரைசலுக்கும் இதே கணக்குப் போதும்.

புட்டியிலுள்ள நீர்மட்டம் கையைவிட 14 செ.மீ.க்கு மேல் உயர்ந்திருந்தால்தான் மருந்து உள்ளே போகும். ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், 100-இல் 14 போக 86 செ.மீ. நீரழுத்தம் மருந்தைத் தள்ளும். அதே புட்டியை ஒன்றரை மீட்டருக்கு உயர்த்தினால் தள்ளும் அழுத்தம் 136 செ.மீ. ஆகிறது. சக்கரத்தைத் தொடாமலேயே ஓட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும்! புட்டியைக் கைக்குக் கீழே இறக்கினாலோ இரத்தம் குழாயில் திரும்பி வரும். நோயாளி கழிப்பறைக்குப் போகும்போது உடன் செல்பவர் புட்டியைத் தாழப் பிடித்தால் குழாய் சிவப்பதன் காரணம் இதுதான்.

புட்டி காலியானால் காற்று உள்ளே போய்விடுமோ என்று பலர் அஞ்சுவார்கள். புவியீர்ப்பால் மட்டும் இறங்கும் மருந்து, குழாயில் அதன் உயரம் சிரையின் அழுத்தத்துக்குச் சமமானதும் பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆனால் புட்டியை அழுத்திப் பிழியும்போதும், இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைகளில் குழாய் செருகியிருக்கும்போதும் காற்று உள்ளே போகக்கூடும். அது ஆபத்து. ஆகவே மருந்து தீரும் முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுவது நல்லது.

சொட்டு என்னும் அளவுகோல்

குழாய்க்குள் மருந்து எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஓட்டத்தைச் சொட்டுகளாக உடைத்துவிட்டால் எண்ணிவிடலாம். அதற்காகத்தான் நடுவில் அந்தச் சிறிய அறை இருக்கிறது.

குழாயின் நுனியில் நீர் திரளும்போது, அதை விழவிடாமல் பரப்பு இழுவிசை தாங்கிக்கொள்கிறது. எடை கூடிக்கொண்டே போய் இழுவிசையை மிஞ்சும் கணத்தில் சொட்டு அறுந்து விழுகிறது. நுனியின் அளவும் நீர்மமும் மாறாவிட்டால், ஒவ்வொரு சொட்டும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். பெரியவர்களுக்குப் பயன்படும் சாதாரணக் குழாய்களில் பொதுவாக 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. குழந்தைகளுக்குப் பயன்படும் நுண்சொட்டுக் குழாயில் 60 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. இந்த எண் குழாய் வந்த உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இப்போது பாட்டியின் கணக்கைப் போடுவோம். 500 மி.லி. மருந்து 6 மணி நேரத்தில் போக வேண்டும்.

மொத்தச் சொட்டுகள் = 500 × 20 = 10,000
மொத்த நிமிடங்கள் = 6 × 60 = 360
நிமிடத்துக்குச் சொட்டு = 10,000 ÷ 360 = சுமார் 28

ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டியதில்லை. 15 விநாடிக்கு 7 சொட்டு என்று பார்த்தால் போதும். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்த வேலை இதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த வேலையை மின்சாரப் பம்புகள் செய்கின்றன. அவற்றிலும் எத்தனை மி.லி. என்ற எண்ணை ஒரு மனிதர்தாம் சரியாகக் கொடுக்க வேண்டும்.

சிறு சக்கரம், பெரிய மாற்றம்

குழாயில் நீர்மம் ஓடுவதற்கான விதியை 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் ஆராய்ந்து வெளியிட்டார். நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறியும் ஆவலே அவரை அதில் ஈடுபடுத்தியது. மெல்லிய குழாயில் ஓடும் நீர்மத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று அவர் கண்டார்.

நான்காம் படி என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஆரம் 2 மடங்கானால் ஓட்டம் 2 × 2 × 2 × 2 = 16 மடங்காகும். ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே ஓட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். சக்கரம் குழாயை நசுக்கி அதன் உள்வழியைக் குறுக்குகிறது. அதைச் சற்றே நகர்த்தினாலும் ஓட்டம் பெருமளவு மாறுவது இதனால்தான். எங்கள் ஊர் ஏரி மதகைத் திறப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, மதகை எவ்வளவு தூக்குகிறோம் என்பதுதான் கீழே உள்ள நாற்றைக் காப்பதும் அழிப்பதும்.

வேகமும் மருந்தின் அளவே

பாட்டிக்குக் கொடுத்த பொட்டாசியத்தைப் பார்ப்போம். வயிற்றுப்போக்கில் உடல் பொட்டாசியத்தை இழக்கிறது. அது மிகவும் குறைந்தாலும் இதயம் தடுமாறும், மிகுந்தாலும் தடுமாறும். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் ஒரு லிட்டருக்குச் சுமார் 160 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. வளர்ந்தவர் உடலில் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். ஆக மொத்தம் 480 மில்லிகிராம்.

மருத்துவமனையில் உள்ள பொட்டாசியம் குளோரைடு சிறுகுப்பியில் 15 சதவீதக் கரைசல் 10 மி.லி. இருக்கிறது, அதாவது 1,500 மில்லிகிராம் உப்பு. அதில் பொட்டாசியம் மட்டும் ஏறத்தாழ 780 மில்லிகிராம். பிளாஸ்மா முழுவதிலும் இருப்பதைவிட இது அதிகம்! இந்தச் சிறுகுப்பியை அப்படியே சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஆகவே இதை ஒருபோதும் நேராக ஊசியில் ஏற்றிப் போடுவதில்லை. பெரிய புட்டியில் நன்றாகக் கலக்கி, மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். சாதாரண வார்டில் பொதுவாக மணிக்குச் சுமார் 400 மில்லிகிராமுக்கு மேல் போகவிடுவதில்லை.

பாட்டியின் புட்டியில் ஒரு சிறுகுப்பி கலந்திருந்தது. 6 மணி நேரத்தில் போனால் மணிக்கு 130 மில்லிகிராம். அதைச் சிறுநீரகமும் உடல் செல்களும் சமாளித்துவிடும். சக்கரத்தை முழுக்கத் திறந்து அரை மணியில் ஓடவிட்டால் மணிக்கு 1,560 மில்லிகிராம் வேகம்! மருந்து அதேதான், அளவும் அதேதான், வேகம் மட்டுமே மாறியது. உயிர் காப்பது உயிர் பறிப்பதாகிவிடும்.

பொட்டாசியம் கலக்காத வெறும் உப்புக் கரைசலானாலும் அவசரம் கூடாது. முதியவரின் பலவீனமான இதயத்தால் திடீரென வந்து சேரும் நீரை இறைக்க முடியாது. அது நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். சில நோயாளிகளுக்கு டாக்டர்களே வேகமாக ஏற்றுவதும் உண்டு. ஆனால் அது அளந்து, அருகிலிருந்து கவனித்துச் செய்யப்படுவது.

ஏன் 9 கிராம் உப்பு?

சலைன் என்பது ஒரு லிட்டர் தூய நீரில் 9 கிராம் சமையல் உப்பு கரைந்த கரைசல். 9 கிராம் என்பது ஏன்? இரத்தச் சிவப்பணுவின் உறை, நீரைத் தாராளமாக விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு. வெளியே வெறும் நீர் இருந்தால், சவ்வூடு பரவலால் நீர் உள்ளே பாய்ந்து அணு ஊதி வெடித்துவிடும். வெளியே உப்பு மிகுந்தால் அணு நீரை இழந்து சுருங்கும். 9 கிராம் என்பது இரண்டும் நேராத நடுநிலை. உடல் வெப்பநிலையில் அந்தக் கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் 7 வளிமண்டலங்களுக்கும் அதிகம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரமான நீர்த்தம்பம் தரும் அழுத்தம் அது! வெறும் காய்ச்சி வடித்த நீரைச் சிரையில் ஏற்றக் கூடாது என்பது இதனால்தான்.

இந்த முறை பிறந்ததே காலரா நோயால்தான். 1831-இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, ஓஷாக்னெஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். அதில் நீரும் உப்புகளும் குறைந்திருப்பதைக் கண்டு, அவற்றைத் திரும்பச் செலுத்தலாம் என்றார். அவரே பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவின் முதல் தந்திப் பாதைகளை அமைத்தவர். அவருடைய கருத்தை 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா செய்து பார்த்தார். அவருடைய முதல் நோயாளி, சாகும் நிலையில் இருந்த ஒரு மூதாட்டி. கரைசல் ஏற ஏற, ஒளியிழந்த கண்கள் பளிச்சிட்டன; சில்லிட்ட உடல் சூடேறியது. நம்பிக்கையோடு லாட்டா அங்கிருந்து போனார். ஆனால் வயிற்றுப்போக்கு மீண்டும் தொடங்கியது. இழந்த நீர் மீண்டும் ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார். ஏற்றினால் மட்டும் போதாது, தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அன்றே கற்ற பாடம்.

நம்பப்படாத வெப்பமானி

மூன்றாவது காவல் தூய்மை. மருந்துப் புட்டிகளை உயர் அழுத்த நீராவியில், 121 டிகிரி செல்சியசில் வைத்துக் கிருமி நீக்குவது ஒரு முறை. நம் வீட்டுக் குக்கரும் இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான். குக்கரில் நீராவி நன்றாகச் சீறிய பிறகுதானே அம்மா வெயிட் போடுகிறார்? முதலில் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேற வேண்டும். காற்று தங்கிவிட்டால், மொத்த அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுக்குப் போய்விடும். அழுத்தமானி சரியாகக் காட்டும். ஆனால் வெப்பநிலை ஏறியிருக்காது.

1972-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனையில் இதுவே நடந்தது. தொழிற்சாலையில் கிருமி நீக்கும்போது, நீராவியைவிடக் கனமான காற்று கொதிகலத்தின் அடியில் தங்கிவிட்டது. மேலே இருந்த புட்டிகள் தூய்மையாயின. அடியில் இருந்தவற்றில் கிருமிகள் பிழைத்தன. வெப்பநிலையைப் பதியும் கருவி, வெப்பம் ஏறவில்லை என்ற உண்மையைக் காட்டியது. ‘கருவி பழுது’ என்று நினைத்து அதை ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் குளுக்கோஸ் புட்டிகள் ஏற்றப்பட்ட நோயாளிகளில் சிலர் இறந்தனர். ஆய்வுக்கூடத்தில், எதிர்பார்த்த அளவு வராவிட்டால் உடனே கருவியைக் குறைசொல்லும் மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்!

இன்றும் புட்டியை மாட்டும் முன் நர்ஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கலங்கலாக இருக்கிறதா, துகள் மிதக்கிறதா, புட்டி கசிகிறதா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று பார்ப்பார். பிறகு ஐந்து ‘சரி’களைச் சரிபார்ப்பார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தசையில் போடவேண்டிய சில மருந்துகள் சிரையில் போனால் உயிருக்கே ஆபத்து. அவர் நோயாளியின் பெயரை மறுபடி மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அது மறதி அல்ல, காவல்.

செய்து பாருங்கள்

மருந்துக் கடையில் கிடைக்கும் புதிய சொட்டுக் குழலும், டானிக் புட்டியின் அளவு மூடியும் போதும். மருத்துவமனையில் எறிந்த குழாய்களையும் ஊசிகளையும் தொடவே கூடாது.

மூடியில் 5 மி.லி. கோடு வரை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுங்கள். அதை 5-ஆல் வகுத்தால் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று தெரியும். அடுத்து நீரில் சிறிது சோப்பைக் கரைத்து அதேபோல் எண்ணுங்கள். இம்முறை சொட்டுகளின் எண்ணிக்கை கூடியிருக்கும். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் சொட்டுகள் சிறுத்துவிட்டன.

வாய் வழியே முடியுமானால்

உடம்பு அசதியாக இருந்தால் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’ என்று கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. 5 சதவீதக் குளுக்கோஸ் 500 மி.லி.யில் இருக்கும் சர்க்கரை 25 கிராம்தான். ஏறத்தாழ ஒரு பெரிய வாழைப்பழம் தரும் சக்தி! சாப்பிட முடிந்தவருக்குக் காவலுள்ள வாசல் திறந்திருக்கிறது. காவலில்லாத வாசலை ஏன் தட்ட வேண்டும்?

இதை உலகுக்கு நிரூபித்தவர்களில் ஓர் இந்தியர் உண்டு. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் பங்காவ் பகுதியில் குவிந்தார்கள். காலரா பரவியது, சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். குளுக்கோஸ் உடனிருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். முகாமில் இறப்பு விகிதம் சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்த முகாமில் கரைசலைக் குவளை குவளையாகப் புகட்டியவர்களில் பலர் நோயாளிகளின் உறவினர்களே. வயிற்றுப்போக்குத் தொடங்கியவுடன் வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடியதும் அதுதான். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் முழுவதையும், அதில் எழுதியுள்ள அளவு நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். குடிக்க முடியாமல் வாந்தி எடுப்பவரையும், சோர்ந்து மயங்குபவரையும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே சிரை வழிதான் உயிர் காக்கும்.

அன்றிரவு அந்தப் பையன் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. ஆயாவின் கட்டிலருகே உட்கார்ந்து, என் கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவ்வப்போது சொட்டுகளை எண்ணினான். ஒருமுறை, “சார், பதினஞ்சு செகண்டுக்கு அஞ்சுதான் விழுது” என்றான். சக்கரத்தின் பக்கம் அவன் கை போகவில்லை. எழுந்து சிஸ்டரைக் கூப்பிடப் போனான். பாட்டி கையை மடக்கிப் படுத்திருந்ததுதான் காரணம். நோயாளியின் அருகில் இருக்கும் நீங்களும் எண்ணலாம், கேட்கலாம், சொல்லலாம். சக்கரத்தை மட்டும் தொடாதீர்கள்.

சிந்திக்க

1. 500 மி.லி. கரைசல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். 20 சொட்டுக் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

2. நுண்சொட்டுக் குழாயில் (60 சொட்டு = 1 மி.லி.) மணிக்கு 40 மி.லி. கொடுக்க, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

3. காலை 9 மணிக்கு 500 மி.லி. புட்டி மாட்டப்பட்டது. 20 சொட்டுக் குழாயில் நிமிடத்துக்கு 28 சொட்டு. நண்பகல் 12 மணிக்குப் புட்டியில் எவ்வளவு மீதி இருக்கும்?

விடைகள்: 1. சுமார் 21. 2. 40. 3. போனது 252 மி.லி.; மீதி 248 மி.லி., ஏறத்தாழப் பாதி.